நாடகப் பாட்டு தேசிய கீதமானது எப்படி? கலைக்குப் புது அர்த்தம் கொடுத்த செக் ரசிகர்கள் - முழு விளக்கம்

1834-ம் ஆண்டு டிசம்பர் 21. பிராக் நகரில் உள்ள ஒரு அரங்கில் 'ஃபிட்லோவாச்கா' என்ற நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் வசந்த காலத்தில் கொண்டாடும் திருவிழாதான் கதைக்களம். நாடகம் பெரிதாக எடுபடவில்லை. ஆனால், அதில் பார்வையற்ற வயலின் கலைஞர் ஒருவர் பாடுவதாக வந்த ஒரே ஒரு பாட்டு மட்டும் அரங்கத்தை விட்டு வெளியே வந்து ஊரெல்லாம் பரவிவிட்டது. நாடகத்தை எழுதியவர் யோசெஃப் கயேட்டான் தில், இசை ஃபிரான்டிஷேக் ஷ்க்ரோப். 'எங்கே என் வீடு' என்று பொருள்படும் அந்தப் பாட்டுதான் இன்று செக் குடியரசின் தேசிய கீதம்.

இத்தனைக்கும், தேசிய கீதம் எழுத வேண்டும் என்று தில் உட்காரவே இல்லை. அதை அப்படி ஆக்கியது பாட்டைக் கேட்டவர்கள்தான்.

செக் நாட்டின் கலை வரலாற்றில் இது ஏதோ ஒருமுறை நடந்த அதிசயம் அல்ல. எழுதியவர் நினைத்தது ஒன்று, ரசிகர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று என்பது அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. மொசார்ட் முதல் காஃப்கா வரை, பீட்டில்ஸ் முதல் சிம்ப்சன்ஸ் வரை இதற்கு உதாரணங்கள் உண்டு. ஏன் அப்படி? அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன பின்னணி

ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் செக் குடியரசின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டும். தலைநகரம் பிராக். இந்த நாட்டுக்காரர்களின் தலையெழுத்தை வெளியூரில் இருந்தவர்கள் எழுதிய காலம் ரொம்ப நீளம்.

1918 வரை ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சி, அதிகாரம் வியன்னாவில். 1918-ல் செக்கோஸ்லோவாகியா என்ற சுதந்திர நாடு பிறந்தது. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராக்கிற்குள் நுழைந்தது, அதிகாரம் பெர்லினுக்குப் போனது. 1948-ல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1968-ல் கட்சிக்குள்ளேயே சீர்திருத்தம் தொடங்கியபோது, ஆகஸ்ட் 20-ம் தேதி இரவு சோவியத் தலைமையிலான படைகள் டாங்கிகளோடு வந்து இறங்கின. 1989 நவம்பரில் 'வெல்வெட் புரட்சி' நடந்து ஒரு கட்சி ஆட்சி முடிந்தது. 1993 ஜனவரி 1 முதல் செக், ஸ்லோவாகியா இரண்டும் தனித்தனி நாடுகள்.

இந்தக் காலவரிசை முக்கியம். நேரடியாகப் பேச முடியாத ஆண்டுகள் இவ்வளவு இருந்தால், மக்கள் எதையும் மேலோட்டமாகக் கேட்க மாட்டார்கள். பாட்டிலும் நாடகத்திலும் உள்ளுறையாக ஏதாவது சொல்லப்படுகிறதா என்று தேடுவார்கள். இல்லாவிட்டால், தாங்களே ஒன்றை வைத்துவிடுவார்கள்.

மொசார்ட்டைக் கொண்டாடிய ஊர்

மொசார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' ஓபெரா 1786 மே 1-ம் தேதி வியன்னாவில் அரங்கேறியது. எஜமானனை வேலைக்காரன் புத்தியால் மடக்கும் கதை. வியன்னாவில் அந்த ஆண்டு மொத்தம் 9 முறைதான் மேடையேறியது. அதே ஓபெரா டிசம்பரில் பிராக்கிற்கு வந்தபோது ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. 1787 ஜனவரியில் பிராக் வந்த மொசார்ட், இங்கே ஃபிகரோவைத் தவிர வேறு பேச்சே இல்லை என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

அந்த வரவேற்பின் தொடர்ச்சியாக, 'டான் ஜியோவானி' ஓபெராவை அவர் பிராக்கிற்காகவே எழுதினார். 1787 அக்டோபர் 29-ல் அது அரங்கேறியது. 1791 டிசம்பரில் மொசார்ட் இறந்தபோது, பிராக்கின் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத்தில் நடந்த நினைவுத் திருப்பலிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

டான் ஜியோவானி அரங்கேறிய அதே அரங்கில்தான் 47 ஆண்டுகள் கழித்து 'ஃபிட்லோவாச்கா'வும் அரங்கேறியது. 1783-ல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் இன்றும் இயங்குகிறது. மொசார்ட்டின் வாழ்க்கையை வைத்து மிலோஷ் ஃபோர்மன் எடுத்த 'அமெடியஸ்' (1984) படத்தின் ஓபெரா காட்சிகளும் அங்கேதான் படமாக்கப்பட்டன. 1968-க்குப் பிறகு வெளிநாட்டில் தங்கிவிட்ட ஃபோர்மன், இந்தப் படத்துக்காகத்தான் சொந்த ஊரில் மீண்டும் கேமராவை வைத்தார்.

ஒரே சிம்பொனி, இரண்டு அர்த்தம்

பெத்ரிக் ஸ்மெதனா செக் இசையின் தந்தை என்று போற்றப்படுபவர். 1874 முதல் 1879 வரை அவர் எழுதிய ஆறு இசைப் படைப்புகளின் தொகுப்பு 'என் தாய்நாடு'. எழுதத் தொடங்கிய ஆண்டிலேயே அவர் காது கேட்கும் திறனை முற்றிலும் இழந்துவிட்டார். பிராக் நகரை ஊடுருவி ஓடும் வல்தாவா ஆற்றைப் பற்றிய இரண்டாவது பகுதி உலகப் புகழ் பெற்றது. ஆனால் செக் மக்களுக்குக் கடைசிப் பகுதியான 'பிளானிக்' ரொம்ப முக்கியம்.

காரணம், பிளானிக் என்பது ஒரு மலை. அதற்குள்ளே ஒரு வீரர் படை உறங்குகிறது, நாட்டுக்குப் பெரிய ஆபத்து வரும்போது அது எழுந்து வரும் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இசையில் வார்த்தை இல்லை. அதனால் தணிக்கை அதிகாரி எதையும் வெட்ட முடியாது. ஆனால் 'பிளானிக்' ஒலிக்கும்போது கேட்பவர் மனதில் அந்தக் கதை தானாக ஓடும்.

1939 ஜூன் 5-ம் தேதி, ஹிட்லரின் படை நாட்டுக்குள் வந்து மூன்று மாதம்கூட முடியாத நிலையில், வாட்ஸ்லாவ் தாலிஹ் தலைமையில் செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு பிராக் தேசிய அரங்கில் 'என் தாய்நாடு' வாசித்தது. இசை முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. அப்படியே ரசிகர்கள் தேசிய கீதத்தைப் பாடத் தொடங்கிவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம் அது. அன்று பதிவான ஒலிப்பதிவு இசைத்தட்டாக வெளிவந்து இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. 1941-ல் அதே தாலிஹ், அதே இசைக்குழு, அதே 'என் தாய்நாடு'. இந்த முறை இடம் பெர்லின். நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸ் தரப்பின் நெருக்கடியில் அந்தக் கச்சேரி நடந்தது. ஆக்கிரமிப்பின் கீழ் செக் கலை செழிப்பாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்கு நாஜிகளுக்கு அது பயன்பட்டது. போர் முடிந்ததும், நாஜிகளுக்கு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டில் தாலிஹ் கைது செய்யப்பட்டார். வழக்கு நிற்கவில்லை, பிறகு விடுவிக்கப்பட்டார். பிராக்கில் எதிர்ப்பாகக் கேட்ட இசை, பெர்லினில் விளம்பரமாக மாறியது. இசைக் குறிப்பில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது எதிரே உட்கார்ந்திருந்தவர்கள்.

இன்று ஸ்மெதனாவின் நினைவு நாளான மே 12-ல் 'பிராக் வசந்தம்' இசை விழா 'என் தாய்நாடு' படைப்போடு தொடங்குவது மரபு. 1990-ல் அதை நடத்தியவர் ரஃபாயெல் குபெலிக். கம்யூனிஸ்ட் ஆட்சியை ஏற்க மறுத்து 1948-ல் நாட்டை விட்டு வெளியேறியவர், 42 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருந்தார். அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு அது வெறும் விழாத் தொடக்கமாக இருந்திருக்க முடியாது.

குழந்தைகள் பாடிய ஓபெரா

செக் கலை வரலாற்றிலேயே மனதை அதிகம் கனக்கச் செய்வது 'பிரண்டிபார்' என்ற குழந்தைகள் ஓபெராதான். இசை ஹான்ஸ் க்ராசா, எழுத்து அடால்ஃப் ஹோஃப்மைஸ்டர். 1938-ல் எழுதப்பட்டது. கதை எளிமையானது. நோயாளி அம்மாவுக்குப் பால் வாங்கக் காசில்லாத அண்ணனும் தங்கையும் சந்தையில் பாடப் போகிறார்கள். அங்கே கைப்பெட்டி இசைக்கருவி வாசிக்கும் பிரண்டிபார் என்பவன் அவர்களைத் துரத்துகிறான். ஒரு நாய், ஒரு பூனை, ஒரு குருவி, ஊர்க் குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து அவனை விரட்டியடிக்கிறார்கள். அவ்வளவுதான்.

யூதரான க்ராசா, தெரெசீன் என்ற ஊரில் நாஜிகள் அமைத்திருந்த முகாமில் அடைக்கப்பட்டார். 1943 செப்டம்பர் 23-ல் அந்த முகாமுக்குள்ளேயே 'பிரண்டிபார்' மேடையேறியது. நடித்தவர்கள் முகாமில் இருந்த யூதக் குழந்தைகள். பார்த்தவர்களும் கைதிகள். மேடையில் விரட்டப்படும் பிரண்டிபார் யார் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மொத்தம் 55 முறை அது நடத்தப்பட்டது.

இங்கேயும் அதே இரட்டை முகம். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கக் குழு முகாமைப் பார்வையிட வந்தபோது, கைதிகளை நன்றாக வைத்திருக்கிறோம் என்று காட்ட நாஜிகள் இதே ஓபெராவைப் போட்டுக் காட்டினார்கள். முகாமைப் பற்றி எடுக்கப்பட்ட பிரசாரப் படத்திலும் இதைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் க்ராசா ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். நடித்த குழந்தைகளில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை.

ஷ்வெய்க்: முட்டாளா, புத்திசாலியா?

செக் இலக்கியத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த பாத்திரம் ஷ்வெய்க். யாரோஸ்லாவ் ஹாஷெக் 1921-ல் எழுதத் தொடங்கிய 'நல்ல சிப்பாய் ஷ்வெய்க்' நாவலின் நாயகன். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் சேர்க்கப்படும் இவன், மேலதிகாரி சொல்லும் எல்லாவற்றையும் அப்படியே, அளவுக்கு மீறி, சிரித்துக்கொண்டே செய்வான். விளைவு, எல்லாமே கெட்டுக் குட்டிச்சுவராகும். அவன் நிஜமாகவே முட்டாளா, இல்லை நடிக்கிறானா என்று கடைசிவரை பிடி கிடைக்காது. 1923 ஜனவரியில் ஹாஷெக் இறந்துவிட, நாவல் பாதியில் நின்றது.

ஆரம்பத்தில் பல செக் விமர்சகர்கள் இதை மதுக்கடைத்தரமான எழுத்து என்று ஒதுக்கினார்கள். 1926-ல் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்து, 1928-ல் பெர்லினில் எர்வின் பிஸ்கேட்டர் அதை மேடையேற்றிய பிறகு ஐரோப்பாவின் பார்வையே மாறியது. ஆனால் செக் மக்களிடையே வாதம் ஓயவில்லை. அதிகாரத்தை எதிர்க்கத் துப்பாக்கி இல்லாதவனின் ஆயுதம் ஷ்வெய்க் என்பது ஒரு கட்சி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் கோழைத்தனத்துக்கு நியாயம் கற்பிக்கிறான் என்பது இன்னொரு கட்சி. உத்தரவுக்குப் பணிவதுபோல் காட்டி வேலையைக் கெடுப்பதற்கு அவன் பெயரிலிருந்தே செக் மொழியில் ஒரு வினைச்சொல் பிறந்துவிட்டது. ஒரு பாத்திரம் இலக்கணத்துக்குள்ளேயே போய்விட்டது என்று சொல்லலாம்.

சொந்த ஊரிலேயே அந்நியரான காஃப்கா

ஹாஷெக் பிறந்த அதே 1883-ல், அதே பிராக் நகரில் பிறந்தவர் ஃபிரான்ஸ் காஃப்கா. யூதர், எழுதியது ஜெர்மன் மொழியில். அதனால் அவர் யாருடைய எழுத்தாளர் என்பதிலேயே குழப்பம். அவர் கதையை முதலில் செக் மொழிக்குக் கொண்டுவந்தவர் மிலேனா யெசென்ஸ்கா என்ற பத்திரிகையாளர். ஆண்டு 1920. மொழிபெயர்ப்பாளரான அவருக்கு காஃப்கா எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாக வந்து புகழ் பெற்றன. நாஜிகளை எதிர்த்த மிலேனா 1944-ல் ராவென்ஸ்ப்ரூக் முகாமில் இறந்தார்.

கம்யூனிஸ்ட் ஆட்சியின் முதல் ஆண்டுகளில் காஃப்கா ஓரங்கட்டப்பட்டார். உழைக்கும் மக்களுக்கு நம்பிக்கை தராத எழுத்து என்பது காரணம். 1963 மே மாதம், பிராக் அருகே லிப்லித்செ என்ற இடத்தில் உள்ள மாளிகையில் எட்வர்ட் கோல்ட்ஸ்டூக்கர் என்ற பேராசிரியர் காஃப்கா பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தினார். கேள்வி மேலுக்கு இலக்கியக் கேள்விதான். தன்னிடமிருந்து அந்நியப்பட்டுப்போன மனிதனைப் பற்றி காஃப்கா எழுதினாரே, அது முதலாளித்துவ நாட்டில் மட்டும் நடப்பதா, சோசலிச நாட்டிலும் நடக்குமா? கேள்விக்குள் இருந்த அரசியல் எல்லாருக்கும் புரிந்தது. கிழக்கு ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1968 சீர்திருத்தத்துக்கு இந்தக் கருத்தரங்கம் ஒரு முன்னோடி என்று பின்னாளில் சொல்லப்பட்டது.

டாங்கிகள் வந்த பிறகு கோல்ட்ஸ்டூக்கர் வெளிநாடு போனார். காஃப்கா மீண்டும் கண்ணில் படாமல் போனார். ஆனால் மக்கள் பேச்சில் அவர் இருந்தார். ஓர் அலுவலகத்துக்குப் போய், இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் அலைந்து, ஏன் அலைகிறோம் என்றே தெரியாமல் வீடு திரும்பினால் அதற்கு செக்காரர்கள் சொல்லும் வார்த்தை 'காஃப்கார்னா'. காஃப்காவைப் படிக்காதவர்களும் புழங்கும் வார்த்தை இது.

இன்று அதே காஃப்கா பிராக் சுற்றுலாவின் முகம். 2014-ல் டேவிட் செர்னி என்ற கலைஞர் 42 அடுக்குகளால் செய்த காஃப்காவின் சுழலும் தலைச் சிற்பம், கடைவீதி நடுவில் செல்ஃபி எடுக்கும் இடமாகிவிட்டது.

ஒரு டிவி பாட்டும் ஓர் அமெரிக்கக் கிண்டலும்

1968-ல் மார்த்தா குபிஷோவா ஒரு தொலைக்காட்சி இசைத் தொடருக்காக 'மார்த்தாவுக்கான பிரார்த்தனை' என்ற பாட்டைப் பாடினார். நாடு கடந்து வாழ்ந்த 17-ம் நூற்றாண்டுக் கல்வியாளர் கொமேனியஸ் எழுதிய கருத்து ஒன்று பாட்டுக்குள் இருந்தது. டாங்கிகள் நுழைந்த நாட்களில் அந்தப் பாட்டு எதிர்ப்பின் குரலாகிவிட்டது. 1970 முதல் மார்த்தாவுக்குத் தடை. அதன்பிறகு கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் மேடை இல்லை, வானொலி இல்லை. 1989 நவம்பரில் வாட்ஸ்லாவ் சதுக்கத்தில் கூடிய பெருங்கூட்டத்தின் முன், ஒரு மாடி முகப்பில் நின்று அவர் மீண்டும் பாடினார். கீழே நின்றவர்களில் பலர் அந்தப் பாட்டு வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

இன்னொரு கதை இன்னும் விசித்திரம். அமெரிக்க இசைக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா 1967-ல் 'பிளாஸ்டிக் பீப்பிள்' என்று ஒரு பாட்டு போட்டார். அமெரிக்கர்களின் போலி வாழ்க்கையைக் கிண்டலடிக்கும் பாட்டு அது. 1968-ல் பிராக்கில் தொடங்கப்பட்ட ஒரு ராக் இசைக்குழு, அந்தப் பாட்டிலிருந்தே 'தி பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது. அமெரிக்காவைக் குத்திய சொல், பிராக்கில் அரசு சொல்கிறபடி வாழும் போலி வாழ்க்கையைக் குத்தும் சொல்லானது.

அந்தக் குழு அரசியல் கட்சி நடத்தவில்லை. முடி வளர்த்தார்கள், சத்தமாக வாசித்தார்கள், அனுமதியில்லாமல் கச்சேரி வைத்தார்கள். 1976-ல் நடந்த வழக்கில் அவர்களின் கலை இயக்குநர் இவான் யிரோஸுக்கு 18 மாதச் சிறை. இன்னும் மூவருக்கும் சிறைத் தண்டனை. பாட்டுக்காக ஜெயிலா என்ற கோபம்தான், நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் உள்ளிட்டோர் 1977 ஜனவரியில் வெளியிட்ட 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

1980 டிசம்பரில் ஜான் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பிராக்கின் மாலா ஸ்ட்ரானா பகுதியில் ஒரு சுவர் அவரது நினைவிடமானது. பீட்டில்ஸ் வரிகளும் படங்களும் வரையப்படும். அதிகாரிகள் வெள்ளையடிப்பார்கள். மீண்டும் வரையப்படும். லெனன் பிராக்கிற்கு வந்ததே இல்லை.

அரங்கமே பாராளுமன்றமான நாட்கள்

1989 நவம்பர் 17-ல் மாணவர் ஊர்வலத்தைப் போலீஸார் அடித்து நொறுக்கினார்கள். உடனே நாடக அரங்குகள் வேலைநிறுத்தம் அறிவித்தன. ஆனால் கதவைப் பூட்டவில்லை. நாடகத்துக்குப் பதிலாக நடிகர்களும் பார்வையாளர்களும் உட்கார்ந்து நாட்டு நிலைமையைப் பேசினார்கள். இரண்டே நாளில், ஒரு நாடக அரங்கில் 'குடிமக்கள் மன்றம்' என்ற எதிர்ப்பு அமைப்பு உருவானது. டிசம்பர் 29-ம் தேதி ஹாவெல் நாட்டின் அதிபரானார். இத்தனை ஆண்டுகள் ஜாடையாகப் பேசிய இடம், முதல்முறையாக வெளிப்படையாகப் பேசியது.

டப்பிங்: வேறு நாட்டுப் படம், சொந்த ஊர்க் குரல்

எல்லாமே அரசியல் அல்ல. செக் ரசிகர்கள் வெளிநாட்டுப் படைப்பைச் சொந்தமாக்கிக்கொள்வதில் டப்பிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் லூயி த ஃபுனே செக் மொழியில் பேசியது ஃபிரான்டிஷேக் ஃபிலிபோவ்ஸ்கியின் குரலில். டப்பிங் கலைஞர்களுக்கான விருதே இப்போது ஃபிலிபோவ்ஸ்கியின் பெயரில், அவர் பிறந்த ப்ரெலோச் ஊரில் வழங்கப்படுகிறது. 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் அம்மா மார்ஜுக்குக் குரல் கொடுப்பது யிர்ஷி லாபுஸ் என்ற ஆண் நடிகர்!

இதைவிட ஆச்சரியம் 'ம்ராசீக்'. இது 1964-ல் வந்த சோவியத் மாயாஜாலப் படம். அமெரிக்காவில் இதே படத்தை, மோசமான படங்களைக் கலாய்க்கும் ஒரு டிவி நிகழ்ச்சியில் போட்டுச் சிரித்தார்கள். செக் நாட்டிலோ, கிறிஸ்துமஸ் - புத்தாண்டு சமயத்தில் குடும்பத்தோடு பார்க்கும் படம் இது. படம் வந்து நான்கு ஆண்டுகளில் சோவியத் டாங்கிகள் வந்தன. 1989-ல் ஆட்சி மாறியது. ஆனாலும் ம்ராசீக் போகவில்லை. செக் டப்பிங்கில் வந்த வசனங்களைக் குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மாஸ்கோவின் மீதிருந்த கோபம் வேறு, மாஸ்கோவில் இருந்து வந்த கதை வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இல்லாத மனிதருக்கு ஓட்டு

2005-ல் செக் தொலைக்காட்சி 'மிகச்சிறந்த செக்காரர் யார்?' என்று மக்களிடம் கேட்டது. பிரிட்டனின் பிபிசி நடத்திய நிகழ்ச்சியின் உள்ளூர் வடிவம். மக்கள் அள்ளிப் போட்டது யாருக்கு தெரியுமா? யாரா சிம்ர்மன் என்பவருக்கு. சிக்கல் என்னவென்றால், அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

1966-ல் ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக உருவாக்கப்பட்ட கற்பனைப் பாத்திரம் அவர். பிறகு ஸ்டெனெக் ஸ்வெராக், லாடிஸ்லாவ் ஸ்மோலியாக் இருவரும் அவர் பெயரில் நாடக அரங்கமே நடத்தினார்கள். சிம்ர்மன் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார், ஆனால் காப்புரிமை அலுவலகத்துக்குப் போவதற்குள் வேறொருவர் முந்தியிருப்பார். கற்பனை ஆள் என்பதால் அவரைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பேரரசர் நான்காம் சார்லஸ் வென்றார். ஆனால் எந்த மாபெரும் மனிதர் கதையையும் அப்படியே விழுங்க மாட்டோம் என்று ரசிகர்கள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார்கள்.

அப்படியென்றால் ரசிகர்கள் எப்போதும் எதிர்ப்பாளர்களா?

இல்லை. அர்த்தத்தை மாற்றுவது அதிகாரத்துக்கும் கைவந்த கலை. 1948-க்குப் பிறகு கலாசாரத்தில் செல்வாக்கு மிக்க அமைச்சராக இருந்த ஸ்டெனெக் நெயெத்லி, ஸ்மெதனாவை மக்கள் கலைஞர் என்று அரசின் பக்கம் சேர்த்துக்கொண்டார். 15-ம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் கேட்டு எரிக்கப்பட்ட யான் ஹுஸ், ஓட்டகார் வாவ்ராவின் 1954 படத்தில் ஏழைகளுக்கான புரட்சியாளராகக் காட்டப்பட்டார். அதே ஹுஸை எதிர்த்தரப்பும் உண்மைக்காக உயிர் கொடுத்தவராகக் கொண்டாடியது. தாலிஹின் பெர்லின் கச்சேரியும் தெரெசீன் பிரசாரப் படமும் சொல்வதும் இதையேதான். ஒரு படைப்புக்குப் புது அர்த்தம் கிடைப்பது தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல. யார், எப்போது, எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

தமிழோடு என்ன தொடர்பு?

பிராக் நகருக்குத் தமிழோடு நேரடித் தொடர்பு உண்டு. தமிழ் ஆய்வுலகம் நன்றாக அறிந்த கமில் சுவலபில் (1927-2009) செக் நாட்டவர். பிராக்கில் தமிழ் படித்து, அங்கேயே தமிழ் கற்பித்து, தமிழ் இலக்கியத்தைச் செக் மொழிக்குக் கொண்டுபோனவர். 1968 படையெடுப்புக்குப் பிறகு அவரும் நாட்டை விட்டு வெளியேறியவர்களில் ஒருவர். தமிழ் இலக்கிய வரலாற்றை உலகுக்கு அறிமுகப்படுத்திய அவரது 'முருகனின் புன்னகை' என்ற ஆங்கில நூல் 1973-ல் வெளிநாட்டில் இருந்தபோதுதான் வெளிவந்தது. மார்த்தாவின் மேடையைப் பறித்த அதே டாங்கிகள், பிராக்கின் தமிழ் வகுப்பிலிருந்தும் ஓர் ஆசிரியரை அனுப்பிவைத்தன.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஆர்வம் உள்ளவர்கள் ஸ்மெதனாவின் 'வல்தாவா'வைக் கேட்கலாம், 12 நிமிடம்தான். பிறகு 'பிளானிக்' கேட்டால், உறங்கும் படையின் கதை தெரிந்து கேட்பதற்கும் தெரியாமல் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் புரியும். படிக்க விரும்புவோருக்கு ஷ்வெய்க். அவன் முட்டாளா, நடிக்கிறானா என்ற கேள்விக்கு ஹாஷெக் பதில் எழுதாமலே போய்விட்டார். நூறு ஆண்டுகளாக அந்த வேலையைச் செக் வாசகர்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.